எதிர்மறை வினாவும் ஒரு நாள் கூலியும்: தமிழ்ப் பிள்ளைகளின் ஆங்கிலக் கல்வி



தமிழ் மொழியியல் படித்த ஒருவனை அழைத்து, தமிழ்ப் பிள்ளைகள் ஆங்கிலம் கற்பதைப் பற்றிப் பேசுமாறு மன்றத்தார் கேட்டபோது முதலில் தயங்கினேன். ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர் பலர் இவ்வவையில் இருக்கிறீர்கள். வகுப்பறை அனுபவத்தில் உங்களுக்கு நான் சொல்லித்தர ஏதுமில்லை. எனினும் ஒரு காரணத்தால் ஒப்புக்கொண்டேன். எனக்கு இலக்கணத்தின்மேல் நாட்டம் பிறந்ததே ஓர் ஆங்கிலச் சொல்லால்தான். அச்சொல்லால் என் தந்தையார் ஒரு நாள் கூலியை இழந்தார். அங்கிருந்தே தொடங்குகிறேன்.

எங்கள் தோட்டம் ஜாசின் வட்டாரத்தில் இருந்தது. அதன் பெயர் இங்கு வேண்டா. அப்பா பால்வெட்டுத் தொழிலாளி. ஆண்டு 1966, எனக்கு எட்டு வயது. விடியுமுன் பெரட்டுக்குப் போய், தண்டல் பெயர் கூப்பிட்ட பிறகு மரம் வெட்டச் செல்வது அன்றைய வழக்கம். ஒரு மாதச் சம்பளத்தில் ஒரு நாள் குறைந்திருந்தது. ஒன்பதாம் தேதி அப்பா வேலைக்கு வரவில்லை என்று செக்ரோலில் இருந்ததாம். அன்று மழை இல்லை, காய்ச்சலும் இல்லை. பால் நிறுத்துக் கொடுத்ததுகூட அவருக்கு நன்றாக நினைவிருந்தது. கிராணியிடம் முறையிடலாம், ஆனால் ஏட்டில் பதிந்தவரே கிராணிதானே என்று அப்பாவுக்குத் தயக்கம். தோட்ட மருத்துவமனை டிரசரோடு பழகி நாலு வார்த்தை ஆங்கிலம் கற்றிருந்த துணிவில், நேரே துரையிடம் போய் நின்றார். துரை வெள்ளைக்காரர். நியாயமான மனிதர் என்றே அப்பா கடைசிவரை சொல்வார். அவர் ஏட்டைப் புரட்டிவிட்டு, "யூ டிட்ன்ட் ஒர்க் ஆன் தி நைன்த்?" என்று கேட்டார். அப்பா நிமிர்ந்து நின்று, "நோ சார்" என்றார். உறுதி செய்துகொள்வதற்காகத் துரை மறுபடியும் கேட்டார். அப்பா இன்னும் அழுத்தமாக, "நோ சார், நோ சார்" என்றார். துரை தலையசைத்து ஏட்டை மூடிவிட்டார்.

அப்பா சொல்ல நினைத்தது, "இல்லை ஐயா, ஏட்டில் இருப்பது சரியன்று, நான் வேலை செய்தேன்" என்பது. துரையின் காதில் விழுந்தது, "நான் வேலை செய்யவில்லை" என்பது. இருவரும் உண்மையே பேசினர். இருவரும் தத்தம் மொழியின் இலக்கணத்திலிருந்து இம்மியும் வழுவவில்லை.

இதை இலக்கண நோக்கில் சற்று நின்று பார்ப்போம். "வேலை செய்யவில்லையா?" என்று தமிழில் ஒருவர் கேட்டால், நம் விடை கேட்டவருடைய கருத்தை நோக்கி எழுகிறது. அவர் கருத்து சரியானால் "ஆமாம், செய்யவில்லை" என்கிறோம். தவறானால் "இல்லை, செய்தேன்" என்கிறோம். ஆங்கிலத்தில் 'யெஸ்', 'நோ' என்னும் சொற்கள் கேட்டவருடைய கருத்தைக் கண்டுகொள்வதில்லை. அவை விடையில் வரும் வினைச்சொல்லோடு ஒட்டியவை. வினை உடன்பாடானால் 'யெஸ்', எதிர்மறையானால் 'நோ'. வினா எவ்வடிவில் வந்தாலும் இதில் மாற்றமில்லை. ஆகவே அப்பா "யெஸ் சார்" என்று சொல்லியிருந்தால் கூலி கிடைத்திருக்கும்.

இதில் ஒரு நுட்பமும் உண்டு. தமிழில் "இல்லை, செய்யவில்லை" என்றும் சொல்வதுண்டு. 'இல்லை' என்பது மறுப்புச் சொல்லாக மட்டுமன்றி எதிர்மறை வினையாகவும் நிற்பதால் இந்தக் குழப்பம். அதனால்தான் தமிழர் வெறும் 'இல்லை'யோடு நிறுத்தாமல், 'செய்தேன்' என்றோ 'செய்யவில்லை' என்றோ முழு வினையையும் சேர்த்துச் சொல்கிறோம். அப்பாவிடம் 'நோ' இருந்தது. அதைத் தொடர வேண்டிய ஆங்கில வினை இருக்கவில்லை.

இது தமிழருக்கு மட்டும் நேரும் இடர் என்று எண்ண வேண்டா. ஜப்பானியர் எதிர்மறை வினாவுக்கு நம்மைப் போலவே விடை சொல்கின்றனர். பிரெஞ்சு மொழியில் எதிர்மறை வினாவை மறுப்பதற்கென்றே 'ஸி' என்று தனிச்சொல் உண்டு. வியப்பு என்னவெனில் ஆங்கிலத்திலேயே ஒரு காலத்தில் நான்கு சொற்கள் இருந்தன. உடன்பாட்டு வினாவுக்கு 'யே', 'நே' என்னும் இரண்டு. எதிர்மறை வினாவுக்கு 'யெஸ்', 'நோ' என்னும் இரண்டு. 16ஆம் நூற்றாண்டளவில் இவ்வேறுபாடு மங்கி, பிறகு மறைந்தது. நான்கைப் பேணிக் காத்திருந்தால் ஆங்கிலேயருக்கும் நல்லது. எங்கள் அப்பாவுக்கும் கொஞ்சம் எச்சரிக்கை கிடைத்திருக்கும்.

நான் தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு முடித்து, 1971இல் மலாக்கா நகரில் ஓர் ஆங்கிலப் பள்ளியின் புகுமுக வகுப்பில் சேர்ந்தேன். இன்றைய மாணவர்களுக்காக ஒரு விளக்கம். 1956ஆம் ஆண்டு ரசாக் அறிக்கைக்குப் பின் தமிழ்ப்பள்ளிகளில் மலாயும் ஆங்கிலமும் கட்டாயப் பாடங்களாயின. ஆயினும் இடைநிலைப்பள்ளியின் பயிற்றுமொழி வேறு. ஆகவே தமிழ்ப்பள்ளியிலிருந்து வருவோர், மொழிக்காக ஓராண்டு கூடுதலாகப் படித்த பின்னரே முதலாம் படிவம் செல்ல வேண்டியிருந்தது. ஆங்கிலப் பள்ளிகள் 1970இல் முதல் வகுப்பிலிருந்து தொடங்கி ஆண்டுக்கொரு வகுப்பாக மலாய்க்கு மாறிவந்தன. நான் படித்த வகுப்புகளை அம்மாற்றம் இன்னும் எட்டவில்லை.

நகரத்தில் ஆங்கிலக் கல்வி அப்போதே பழையது. மலாக்கா உயர்நிலைப்பள்ளி 1826இலும், செயின்ட் பிரான்சிஸ் பள்ளி 1880இலும் தோன்றியவை. நகரத்துப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் பாட்டன் காலத்துச் சொத்து. தோட்டங்களில் கிராணிமார் குடும்பங்கள் பல யாழ்ப்பாணத்தாராகவும் மலையாளிகளாகவும் இருந்தன. அவர்கள் பிள்ளைகள் பேருந்தேறி ஆங்கிலப் பள்ளிக்குச் சென்றனர். லயத்துப் பிள்ளைகளாகிய நாங்கள் பன்னிரண்டு வயதில்தான் அந்தப் பேருந்தில் ஏறினோம்.

புகுமுக வகுப்பில் தமிழ் பேசினால் பத்துக் காசு தண்டம். பள்ளியின் பெயரும் ஆசிரியரின் பெயரும் வேண்டா. அவர் கொடியவரல்லர், அக்காலத்துக் கொள்கை அது. "ஆங்கிலத்திலேயே சிந்தியுங்கள்" என்று அவர் ஓயாமல் சொல்வார். தெரியாத மொழியில் எப்படிச் சிந்திப்பது என்று எங்களுக்குள் யாருக்கும் விளங்கவில்லை. அதனால் வாயை மூடிக்கொண்டு இருந்தோம். பேசாத பிள்ளைக்குத் தண்டமும் இல்லை, ஆங்கிலமும் இல்லை.

ஒரு நாள் அவ்வாசிரியர் எதிர்மறை வினாக்களைக் கரும்பலகையில் எழுதி, எதற்கு 'யெஸ்', எதற்கு 'நோ' என்று பயிற்சி கொடுத்தார். எனக்கு உடனே அந்த ஒன்பதாம் தேதி நினைவுக்கு வந்தது. வீட்டுக்குத் திரும்பி அப்பாவிடம் விளக்கினேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "அப்படியானால் துரை என்னைப் பொய்யன் என்று நினைக்கவில்லையா? நானே ஒத்துக்கொண்டதாகத்தான் நினைத்தாரா?" என்று கேட்டார். கூலி போனதைக் காட்டிலும் அதுதான் அந்த ஐந்தாண்டும் அவர் மனத்தில் கிடந்திருக்கிறது. பள்ளிக்கூட இலக்கணம் ஒன்றால் ஒரு மனிதரின் மனச்சுமை இறங்கியதை நான் கண்ணால் கண்டது அன்றுதான். பின்னாளில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மொழியியல் பயிலச் சென்றதற்கும் அதுவே விதை.

நான் சொல்ல வந்த கருத்து இது. தமிழ்ப் பிள்ளை ஆங்கிலத்தில் செய்யும் பிழைகளுள் பெரும்பகுதி அறியாமையால் விளைபவை அல்ல. அவை ஒழுங்கான தமிழ் இலக்கணம். அவ்விலக்கணத்தை வகுப்புக்கு வெளியே நிறுத்திவிட்டுக் கற்பிப்பதால் பாடம் கடினமாகிறதேயன்றி எளிதாவதில்லை.

இம்மண்ணிலேயே இதற்கு ஒரு பழைய சான்று உண்டு. முன்ஷி அப்துல்லா 1796இல் மலாக்காவில் பிறந்தவர். அரபு வழியும் தமிழ் வழியும் கலந்த குடும்பத்தினர். இளமையிலேயே ராஃபிள்சிடம் எழுத்தராக இருந்தவர். 1818இல் இங்கு நிறுவப்பட்ட ஆங்கிலோ-சீனக் கல்லூரியின் பாதிரிமாருக்கு மலாய் கற்பித்து, அவர்களிடம் ஆங்கிலம் கற்றுக்கொண்டவர். 1849இல் அச்சேறிய 'ஹிக்காயாட் அப்துல்லா' என்னும் தம் வாழ்க்கை வரலாற்றில், சிறுவயதில் தம்மைத் தமிழ் கற்க அனுப்பியதை எழுதுகிறார். வசதியுள்ளோர் தம் பிள்ளைகளைத் தமிழ்க் கணக்கும் பேச்சும் கற்க அனுப்புவது அன்றைய மலாக்காவின் வழக்கமாம். தமிழுக்கு இவ்வூரில் அப்படியும் ஒரு காலம் இருந்தது. அதைவிட முக்கியமானது, தம் மக்கள் தம் சொந்த மொழியை முறையாகக் கற்பதில்லையே என்று அவர் திரும்பத் திரும்ப வருந்துவது. பிறமொழியைக் கற்றபோதுதான் தாய்மொழிக்கும் இலக்கணம் உண்டு என்பது அவருக்கு உறைத்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.

இனி வகுப்பறைக்கு வருவோம். முதலில் காலம் பற்றி ஒரு சொல். 'ஐ ஹேவ் ஈட்டன்' என்னும் முடிவுற்ற நிகழ்காலம் நம் பிள்ளைகளுக்கு வரவே வராது என்பது ஆசிரியர்களின் நெடுநாள் முறையீடு. பிள்ளைகள் "ஐ ஈட் ஆல்ரெடி" என்கிறார்கள். இப்பிழை எங்கிருந்து வந்தது? தமிழிலிருந்து வரவில்லை. மலாயில் வினைச்சொல் காலம் காட்டாது. 'சுடா' என்னும் சொல்லை முன்னால் வைத்து, முடிந்துவிட்டது என்று உணர்த்துவார்கள். அந்த 'சுடா'தான் 'ஆல்ரெடி' என்று வேடமிட்டு வருகிறது. சீன மொழிகளிலும் இத்தகைய அமைப்பு இருப்பதால் நாடு முழுதும் இது வேரூன்றிவிட்டது. தமிழ்ப் பிள்ளையோ வீட்டில் 'வந்தேன்', 'வந்திருக்கிறேன்' என்று இரண்டையும் தவறாமல் வேறுபடுத்திப் பேசுகிறது. "மாமா வந்தார்" என்றால் வந்து போயிருக்கலாம். "மாமா வந்திருக்கிறார்" என்றால் உள்ளே போய்ப் பார்க்கலாம். ஐந்து வயதுப் பிள்ளைக்கும் இவ்வேறுபாடு தெரியும். "நீ வீட்டில் 'இருக்கிறேன்' சேர்த்துச் சொல்லும் இடத்தில் இங்கே 'ஹேவ்' போடு" என்று ஆசிரியர் சொன்னால் பாதிப் பாடம் முடிந்தது. நம் பிள்ளைக்கு இயல்பாக உள்ள ஒரு சலுகை இது. அதை ஒருவரும் எடுத்துச் சொல்லாததால் அதுவும் 'ஆல்ரெடி'க் கூட்டத்தோடு சேர்ந்துவிடுகிறது.

மறுபாதி எங்கே இடறும் என்பதையும் சொல்ல வேண்டும். தமிழில் "அவன் நேற்று வந்திருக்கிறான்" என்று சொல்லலாம். நாம் நேரில் காணவில்லை. செருப்புத் தடத்தையோ பிறர் சொல்லையோ கொண்டு அறிகிறோம் என்பது அதன் பொருள். ஆங்கிலத்தில் 'ஹேவ்' வரும் தொடரில் 'எஸ்டர்டே' வராது. "ஐ ஹேவ் கம் எஸ்டர்டே" என்று நம்மவர் எழுதும் பிழை இங்கிருந்து பிறப்பது. தமிழ் வழியே பாதையைக் காட்டும் ஆசிரியர், அப்பாதை முடியும் இடத்தையும் காட்டியாக வேண்டும்.

அடுத்தது 'தி'. தமிழில் இதற்கு நிகரான சொல் இல்லை என்று கைவிட்டுவிடுகிறோம். சொல் இல்லைதான், கருத்து இருக்கிறது, இரண்டாம் வேற்றுமையில் ஒளிந்திருக்கிறது. "அண்ணன் கடிதம் எழுதினான்", "அண்ணன் கடிதத்தை எழுதினான்" என்னும் இரண்டையும் ஒப்பிடுங்கள். முதலாவதில் ஏதோ ஒரு கடிதம். இரண்டாவதில் நீயும் நானும் அறிந்த அந்தக் கடிதம். அஃறிணைச் செயப்படுபொருளில் 'ஐ' உருபு தொக்கும் விரிந்தும் வருவது வெறும் விருப்பம் அன்று. பொருள் வேறுபாடு உண்டு. முதல் தொடருக்கு 'எ லெட்டர்', இரண்டாவதற்கு 'தி லெட்டர்'. இவ்வழி எழுவாய்க்குப் பயன்படாது. "நாய் குரைத்தது" என்றால் எந்த நாய் என்று உருபு சொல்லாது, சூழல்தான் சொல்லும். ஆறுகளின் பெயர்முன் 'தி' வருவதற்கும் நாட்டுப் பெயர்முன் பெரும்பாலும் வராததற்கும் தொல்காப்பியரைத் துணைக்கு அழைக்க முடியாது. அவற்றை மனப்பாடம் செய்ய வேண்டியதுதான்.

நான்காம் வேற்றுமை இதைவிட இனியது. தெரியும், பிடிக்கும், வேண்டும், புரிகிறது, பசிக்கிறது. இவ்வினைகளைத் தமிழர் 'எனக்கு' என்றே தொடங்குகிறோம். அறிவும் விருப்பும் பசியும் நாம் செய்வன அல்ல, நமக்கு வந்து சேர்வன என்பது நம் மொழியின் பார்வை. ஆங்கிலம் இவை அனைத்திற்கும் 'ஐ' என்று முதல் வேற்றுமையில் ஆளை நிறுத்துகிறது. இதைச் சொல்லிக்கொடுத்தால் ஒரே மூச்சில் ஐந்து வினைகள் சீராகும். கூடவே ஓர் ஆதாயம். "ஐ ஆம் நோயிங்", "ஐ ஆம் வான்ட்டிங்" என்று எழுதக்கூடாது என ஆங்கில நூல்கள் ஒரு நீண்ட பட்டியல் தருகின்றனவே, அப்பட்டியலின் தலையாய வினைகளும் நம் 'எனக்கு' வினைகளும் பெரும்பாலும் ஒன்றே. தமிழிலும் "எனக்குத் தெரிந்துகொண்டிருக்கிறது" என்று யாரும் சொல்வதில்லை. 'வலிக்கிறது' போன்ற சில விலக்குகள் உண்டு. ஆயினும் பட்டியலை மனப்பாடம் செய்வதற்கு முன் பிள்ளை தன் காதையே கேட்டுப் பார்க்கலாம்.

ஆங்கிலம் நம்மைவிட ஏழையாக இருக்கும் இடமும் உண்டு. நாம், நாங்கள் என்று நமக்கு இரண்டு. மலாயில் கித்தா, காமி என்று இரண்டு. ஆங்கிலத்தில் 'வீ' ஒன்றுதான். "வீ ஆர் கோயிங் டு கோலாலம்பூர்" என்று ஆசிரியை சொன்னபோது, "நாமா டீச்சர், நீங்களா?" என்று கேட்ட சிறுமியைப் பற்றி ஒரு நண்பர் சொன்னார். மொழியியல் மாணவர் ஓர் அரையாண்டில் படிப்பதை அவள் ஒரு கேள்வியில் கேட்டுவிட்டாள்.

ஒலிப்பைப் பற்றி நீளப் பேச விரும்பவில்லை. தோட்டத்தார் 'பெரேட்'டைப் பெரட்டு ஆக்கினர், 'லைன்' வீடுகளை லயம் ஆக்கினர். வல்லினத்தை இரட்டித்து இறுதியில் குற்றியலுகரம் சேர்ப்பது நம் நாவின் பழக்கம். சொற்களைக் கடன் வாங்கும்போது அது அழகு. ஆங்கிலம் பேசும்போது 'பஸ்ஸு', 'கேட்டு' என்று வந்தால் திருத்த வேண்டும். 'எ' முன் யகரம் ஒலித்து முட்டையை 'யெக்' என்பதும் அத்தகையதே. குற்றியலுகரம் படித்த மாணவனிடம், "அந்த உகரத்தை மட்டும் விட்டுவிடு" என்றால் போதும். எதை விடுவது என்று அவனுக்குத் தெரியும்.

இனி நான் மிகவும் விரும்பும் பகுதிக்கு வருகிறேன். பிழையற்ற இலக்கணத்தோடு பேசியும் மரியாதை கெட்டவர் என்று பெயர் வாங்குவதுண்டு. தமிழில் மரியாதை வினைமுற்றில் இருக்கிறது. வா, வாருங்கள், தா, தாருங்கள். அதற்குமேல் வீட்டில் 'தயவுசெய்து' என்று யாரும் சொல்வதில்லை. அண்ணி சோறு போட்டால் 'நன்றி' என்று சொன்னால், "என்ன தம்பி, அந்நியமாகப் பேசுகிறாய்" என்பார். ஆங்கிலத்தில் 'கம்' என்பது ஒன்றே. அதில் மரியாதை விகுதி இல்லை. எனவே ஆங்கிலேயர் தம் மரியாதையை வேறோர் இடத்தில் வைத்தனர். கட்டளையை வினாவாக்கிவிட்டனர்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு மாணவரோடு ஒரு மணி நேரம் இருந்தேன். "குட் யூ ஓப்பன் தி வின்டோ?" என்று ஒரு பையனைக் கேட்டேன். "யெஸ் சார்" என்று சொல்லி அமர்ந்தே இருந்தான். வகுப்பு சிரித்தது, அவனுக்கு ஏன் என்று தெரியவில்லை. அவன் வினாவின் சொற்களுக்குச் சரியாகவே விடை சொன்னான்.

அன்று எனக்குக் கைகொடுத்தவர் பவணந்தி முனிவர். நன்னூல் வினாவை ஆறு வகையாகப் பகுக்கிறது: அறிவினா, அறியா வினா, ஐய வினா, கொளல் வினா, கொடை வினா, ஏவல் வினா. மேல்வகுப்பில் இதைப் படித்துத் தேர்வெழுதிவிட்டு மறந்துவிடுகிறோம். ஆசிரியர் தமக்குத் தெரிந்ததையே மாணவனிடம் கேட்பது அறிவினா. அதை நாம் நாள்தோறும் செய்கிறோம். கடைக்காரரிடம் "பருப்பு இருக்கிறதா?" என்று கேட்பது கொளல் வினா, இருப்பை அறிவதற்கன்று, வாங்குவதற்கு. வந்தவரிடம் "காப்பி குடிக்கிறீர்களா?" என்பது கொடை வினா. "தம்பி, பாடம் எழுதிவிட்டாயா?" என்று அம்மா கேட்டால் எழுது என்று பொருள், அது ஏவல் வினா. இதைத்தான் அந்தப் பிள்ளைகளிடம் வீட்டு உதாரணங்களால் விளக்கினேன். பிறகு மறுபடியும் "குட் யூ ஓப்பன் தி வின்டோ?" என்றேன். "சார், இது அம்மா கேட்கிற கேள்வி!" என்று கத்திக்கொண்டே மூன்று பேர் எழுந்து ஓடினார்கள். 'டூ யூ ஹேவ் எ பென்?' என்பது கொளல் வினா என்றும், 'உட் யூ லைக் சம் டீ?' என்பது கொடை வினா என்றும் அவர்களே கண்டுகொண்டார்கள். ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் எழுதிய நூல், இலண்டன் தேநீர்ப் பேச்சை விளக்குகிறது.

பண்பாட்டு வழக்குகளையும் இவ்வாறே அணுகலாம். விடைபெறும்போது "ஐ கோ அண்ட் கம்" என்பவரைக் கேலி செய்கிறோம். "போகிறேன்" என்று வெறுமனே சொல்வது நம் வீட்டில் ஆகாது. "போய் வருகிறேன்" என்றே சொல்ல வேண்டும். அந்த அக்கறையைத்தான் அவர் மொழிபெயர்த்தார். ஆனால் ஆங்கிலேயர் அவர் திரும்பி வருவார் என்று காத்திருப்பார். "ஸீ யூ" என்னும் வழக்கும் மீண்டும் சந்திப்போம் என்பதையே குறிக்கிறது என்று எடுத்துக்காட்டினால், பிள்ளை தன் வழக்கத்துக்கு வெட்கப்படாமலே புதியதைக் கற்றுக்கொள்ளும்.

இன்று தோட்டங்களின் நிலை வேறு. 1896இல் டான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் பயிரிட்ட ரப்பர், இம்மாநிலத்தில் பல இடங்களில் செம்பனைக்கு வழிவிட்டுவிட்டது. லயத்தை விட்டு வந்தவர்களின் பிள்ளைகள் பத்து பெரண்டாம் தொழிற்சாலைகளிலும் நகரத்து அலுவலகங்களிலும் வேலை செய்கின்றனர். மலாக்காவின் 21 தமிழ்ப்பள்ளிகளுள் சில, 'தோட்டம்' என்னும் பெயரை மட்டும் தாங்கி நிற்கின்றன. இளம் பெற்றோர் பலர் என்னிடம், "ஐயா, தமிழ்ப்பள்ளியில் போட்டால் இங்கிலீஷ் வராதே" என்று சொல்லும்போது எனக்குக் கோபம் வருவதில்லை. அவர்கள் அச்சம் பொய்யன்று. ஆங்கிலமில்லாமல் நேர்முகத் தேர்வில் தோற்றவர்கள் அவர்களே. ஆனால் காரணத்தைத் தவறான இடத்தில் தேடுகிறார்கள்.

பழியில் நமக்கும் பங்குண்டு. ஒரே பள்ளியில் ஒன்பது மணிக்கு வேற்றுமை உருபு நடக்கிறது, பத்து மணிக்கு 'ஆர்ட்டிகிள்' நடக்கிறது. இவ்விரண்டு ஆசிரியரும் ஒரே சிற்றுண்டிச்சாலையில் உணவருந்துகின்றனர்; பாடத்தைப் பற்றிப் பேசிக்கொள்வதில்லை. 2003இல் கணிதத்தையும் அறிவியலையும் ஆங்கிலத்தில் கற்பிக்கும் திட்டம் வந்தது, பிறகு போனது. 2018 வாக்கில் ஐரோப்பியப் பொது அளவுகோலுக்கு ஏற்பப் பிரித்தானியப் பதிப்பகங்களின் பாடநூல்கள் வந்தன. அவை நன்றாக அச்சிட்ட நூல்கள். உலகம் முழுவதற்கும் ஒரே நூலை எழுதுகிறவருக்கு, மெர்லிமாவில் படிக்கும் பிள்ளையின் வாயில் 'ஐ' உருபு என்ன செய்கிறது என்று தெரிய வழியில்லை. அந்த இடைவெளியை நிரப்ப வகுப்பில் இருக்கும் ஆசிரியரால்தான் முடியும்.

என்னைத் தவறாகப் புரிந்துகொள்ள வேண்டா. ஆங்கில வகுப்பைத் தமிழில் நடத்துங்கள் என்று நான் சொல்லவில்லை. கேட்டும் பேசியும் படித்தும் பழகாமல் எம்மொழியும் வராது. தோட்டத்துப் பிள்ளைக்கு ஆங்கிலம் கேட்கக் கிடைக்கும் நேரமே குறைவு. அதைத் தமிழ் விளக்கங்களால் தின்றுவிடக்கூடாது. பிழை திரும்பத் திரும்ப வரும் இடத்தில் ஐந்து நிமிடம் நின்று, "உன் மனத்தில் உள்ள தமிழ்த்தொடர் எது?" என்று கேளுங்கள் என்கிறேன். தமிழறியாத ஆங்கில ஆசிரியர் இருந்தால், அடுத்த அறையிலுள்ள தமிழாசிரியர் அந்த ஐந்து நிமிடத்தை எடுத்துக்கொள்ளலாம். அதற்கு அந்தத் தமிழாசிரியர் இலக்கணத்தைத் தேர்வு விடைகளாக இல்லாமல், வாழும் பேச்சில் காட்டத் தெரிந்தவராக இருக்க வேண்டும். அங்கே நம் குறை பெரிது. சொந்த மொழியை முறையாகக் கற்கவில்லையே என்று முன்ஷி அப்துல்லா தம்மவரைப் பார்த்து வருந்தியது நமக்கும் பொருந்தாமலில்லை.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் எழுதும் பிழையான ஆங்கிலத் தொடரை இடப்பக்கம் எழுதுங்கள். அதை எழுதியபோது அவர்கள் மனத்தில் இருந்த தமிழ்த் தொடரை அவர்களிடமே கேட்டு வலப்பக்கம் எழுதுங்கள். மலாயிலிருந்து வந்திருந்தால் அதையும் குறியுங்கள். ஒரு பள்ளித் தவணையில் நாற்பது, ஐம்பது தொடர்கள் சேரும். அவற்றுள் திரும்பத் திரும்ப வருபவை பத்துக்குமேல் இரா என்பது என் கணிப்பு. 21 பள்ளிகளின் குறிப்பேடுகளும் ஓரிடத்தில் சேர்ந்தால், மலாக்காவின் தமிழ்ப் பிள்ளைகளுக்கென்று ஒரு சிறிய ஆங்கில இலக்கணக் கையேடு எழுதிவிடலாம். எழுதும் வேலையில் என்னால் இயன்றதைச் செய்கிறேன். அடுத்த பொழிவுக்கு வரும்போது, முடிந்தவர்கள் முதல் பத்துப் பக்கங்களைக் கொண்டு வாருங்கள்; இதே மேசையில் அமர்ந்து பார்ப்போம்.